பூட்டு ஒருவருடையது, நட்டம் இன்னொருவருடையது

கணினிப் பாதுகாப்பு என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது என்கிரிப்ஷன், ஃபயர்வால், வைரஸ். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டால் பாதிப் பேர் ஏதாவது ஒரு என்கிரிப்ஷன் அல்காரிதத்தைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். தப்பில்லை. ஆனால் கணினித் துறையின் கதவைச் சாத்திக்கொண்டு இந்த ஆராய்ச்சியைச் செய்ய முடியும் என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் (2024-ல் காலமானார்) ஏ.டி.எம். மோசடிகளை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். பெரும்பாலான திருட்டுகளில் யாரும் சங்கேதக் கணக்கை உடைக்கவே இல்லை! தபாலில் போன கார்டைத் திருடியிருக்கிறார்கள், வங்கி ஊழியரே கைவரிசை காட்டியிருக்கிறார், மென்பொருளை அரைகுறையாக நிறுவியிருக்கிறார்கள்.

இதைவிடச் சுவாரசியமானது அவர் காட்டிய இன்னொரு விஷயம். 'இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை' என்று அமெரிக்காவில் ஒருவர் சொன்னால், அவர்தான் எடுத்தார் என்று வங்கி நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அப்போது தலைகீழ். எங்கள் கணினி தப்பு செய்யாது, நீங்கள்தான் எடுத்திருப்பீர்கள் என்று வங்கிகள் கையை விரித்தன. விளைவு? புகாருக்கு மதிப்பில்லை என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் வங்கிகளில் மெத்தனம் வந்தது, மோசடியும் பெருகியது. பூட்டைச் சரிசெய்யக் கூடியவருக்கு நட்டமில்லை என்றால் அவர் ஏன் சரிசெய்யப் போகிறார்? இது கணினியியல் கேள்வியே இல்லை, பொருளாதாரம். 2001-ல் அவர் இதை விரித்து எழுத, அடுத்த ஆண்டே பெர்க்லியில் பாதுகாப்பின் பொருளாதாரத்துக்கென்று தனிக் கருத்தரங்கு தொடங்கியது.

சட்டம் எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' கதையைப் படிக்க வேண்டும். அந்தக் கணக்கு மென்பொருள் பணம் குறைகிறது என்று காட்டியது. 1999 முதல் 2015 வரை 700-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் மீது வழக்குப் போட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எதிராளிதான் காட்ட வேண்டும். ஒரு சின்னக் கடைக்காரர் எங்கே போய் மென்பொருளின் பிழையைத் தேடுவார்? அதில் பிழைகள் இருந்தன என்று 2019-ல்தான் உயர்நீதிமன்றம் சொன்னது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். போன வருடங்களுக்கு எந்தச் சட்டம்?

நம் ஊருக்கு வருவோம். ரிசர்வ் வங்கி 2017-ல் விட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையை வங்கியிடம் வைத்தது. நல்ல காரியம். ஆனால் ஓ.டி.பி. போன்ற ரகசியத்தை நீங்களே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும் வரை போன பணம் முழுக்க உங்கள் தலையில்தான் என்றும் அதே சுற்றறிக்கை சொன்னது. நன்றாகப் படித்தவர்கூட போனில் மிரட்டியதும் ஏன் சொல்லிவிடுகிறார்? அது அலட்சியமா, பயமா? நம் கணினித் துறையில் இதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. உளவியல் துறையில் இருக்கலாம், ஆனால் அவர்களை யார் கேட்டோம்?

கேட்காமல் இருக்க வசதியான காரணங்கள் உண்டு. இரண்டு துறை சேர்ந்து செய்தால் மதிப்பெண் யார் போடுவது, வழிகாட்டி யார், கட்டுரை எந்த இதழுக்குப் போகும்... இதுவாவது காகிதத் தகராறு. பெரிய தடை வேறு. இப்படி ஆராய்ந்தால் யாராவது பெரியவர்களுக்குக் கோபம் வரும். பின் நம்பர் தெரியாமலே சிப் கார்டைப் பயன்படுத்தலாம் என்று கேம்பிரிட்ஜ் குழு 2010-ல் காட்டியது. அதையொட்டி ஒரு மாணவர் எழுதிய ஆய்வேட்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி, அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் கார்டு நிறுவனங்களின் சங்கம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியது. ஆண்டர்சன் முடியாது என்று பதில் எழுதிவிட்டார்.

அப்படி ஒரு கடிதம் நம் கல்லூரி முதல்வர் மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் :-)