ரின்னில் பெரிதாக அச்சிட்ட இலக்கம்

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன், கோடை வந்துவிட்டால் வார இறுதிகளில் தன் காரை மோஸ்போர்ட் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய்விடுவார். 1961 இல் திறக்கப்பட்ட திடல் அது. 2012 இல் பெயரை மாற்றினார்கள். பழகியவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள். சென்ற வாரம் அவர் இரண்டு பிறேக் ஒயில் ரின்களின் படங்களை அனுப்பி, "மாமா, நீங்கள் முந்திப் பேப்பரிலை மோட்டார் பக்கம் எழுதினனீங்கள்தானே, இதிலை எதை வாங்கிறது?" என்று கேட்டிருந்தார்.

ஒன்று மோற்றூல் ஆர்.பி.எப். 600. மற்றையது கஸ்ரோல் எஸ்.ஆர்.எப். முதலாவதன் கொதிநிலை 312 பாகை செல்சியஸ். இரண்டாவதன் கொதிநிலை 320 பாகை. விலையோ இரண்டாவதற்கு மிக அதிகம். எட்டுப் பாகைக்காக இவ்வளவு காசு கொடுப்பதா என்பது அவருடைய நியாயம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல நியாயம்தான். ஆனால் அந்த இரு இலக்கங்களும் ரின்னைத் திறக்கும் கணத்துக்கு மட்டுமே உரியவை. கிளைக்கோல் அடிப்படையிலான பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இறப்பர்க் குழாய்களின் ஊடாகவும் ஈரம் மெல்ல மெல்ல உட்புகும். இதற்காகவே அமெரிக்கத் தர நிர்ணயம், ஏறத்தாழ 3.7 வீத நீர் கலந்த நிலையிலும் கொதிநிலையை அளக்கச் சொல்கிறது. டொட் 4 வகைக்கு உலர் நிலையில் குறைந்தது 230 பாகை, ஈர நிலையில் 155 பாகை; டொட் 5.1 வகைக்கு 260, 180. இந்த ஈரக் கொதிநிலையைப் பார்த்தால் மருமகனின் முதல் ரின் 205 ஆக இறங்கிவிடுகிறது. இரண்டாவது 270 இல் நிற்கிறது. எட்டுப் பாகை வித்தியாசம் அறுபத்தைந்து ஆகிவிட்டது! உலர் இலக்கத்தைப் பெரிதாகவும் ஈர இலக்கத்தைப் பொடி எழுத்திலும் அச்சிடும் வழக்கத்தை நான் விளம்பரத் தந்திரம் என்றே கருதுகிறேன்.

பந்தயத் திடலில் பிறேக் வட்டு 500 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்த வெப்பம் பாட், பிஸ்டன் வழியாக ஒயிலை அடைகிறது. ஒயில் கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே மிதியை எவ்வளவு அமுக்கினாலும் அது தரையைத் தொடுமே தவிர, சில்லு நிற்காது. பாட் சூடேறிப் பிடிப்பை இழப்பது வேறு. அப்போது மிதி கல்லுப்போல இருக்கும், கார்தான் வேகம் குறையாது. இந்த வேறுபாட்டை அறியாமல் பாட்டை மாற்றிவிட்டு அதே பழைய ஒயிலுடன் திடலுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. பல வருடங்களுக்கு முன்னர் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கிக்கொண்டிருந்த வானில் மிதி திடீரெனக் கீழே போனது. சாரதி கியரைக் குறைத்து மண்மேட்டில் உரசி நிறுத்தியதால் தப்பினோம். அரை மணி நேரம் ஆறவிட்டதும் பிறேக் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்தது! ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பது அவருக்கு நினைவில்லை. அங்கே பந்தயமும் இல்லை, பந்தயக் காரும் இல்லை.

ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கோன் ஒயில், அதாவது டொட் 5, இருக்கிறதே என்று சிலர் கேட்பர். அது சிறிதளவு அமுங்கும் தன்மையுடையது; மிதி மெத்தையாகிவிடும். கிளைக்கோல் ஒயிலுடன் கலக்கவும் கூடாது. பந்தயத்துக்கு வேண்டாம். 5 உம் 5.1 உம் பெயரில்தான் உறவு.

அப்படியானால் எதை வாங்குவது? மருமகனிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எத்தனை தரம் மாற்றுவீர்? "வருசத்துக்கு ஒருக்கால், இளவேனிலிலை" என்றார். அப்படியென்றால் விலை கூடியதை வாங்கும் என்றேன். ஒவ்வொரு திடல் நாளுக்கும் முன்னர் பழையதை வெளியேற்றிப் புதியதை விடுகிறவருக்கு 312 பாகை தாராளம். அவர் உலர் இலக்கத்துக்கு அருகிலேயே வாழ்கிறார். என் தனிப்பட்ட விருப்பமும் அதுவே. மாற்றும்போது குழாயில் ஒளிந்திருக்கும் காற்றும் வெளியேறுகிறது, மிதியும் இறுகுகிறது. சோம்பலுக்கு விலை கொடுக்கத் தயாரானவர்களுக்கு 270 பாகை இருக்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு என்பதை மறக்கலாகாது.

இரண்டு நாட்களாகப் பதில் வரவில்லை. நேற்றிரவு ஒரு செய்தி வந்தது: சென்ற வருடம் திறந்த ரின்னில் பாதி கராஜில் மிச்சம் கிடக்கிறதாம், அதை முதலில் முடித்துவிடலாமா என்று கேட்கிறார். கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.