762 வளைவும் ஒரு ‘ஏ’ முத்திரையும்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியரைப் பத்தி ரிசல்ட் வந்ததும் யோசிச்சுக்கலாம். நாலு பேர் காசு சேர்த்து, ஆஃபர்ல டிக்கெட் போட்டு தாய்லாந்து கிளம்பிட்டீங்கனு வெச்சுக்குவோம். பாங்காக்கை ஒரு ரவுண்ட் அடிச்சுட்டு, வடக்கே சியாங் மாய் வந்து இறங்கறீங்க. தெருவுக்குத் தெரு வாடகை வண்டிக் கடை. வாசல்ல வரிசையா 125 சிசி ஸ்கூட்டர். ஒரு நாளைக்கு சில நூறு பாட்தான். பல கடைகள்ல லைசென்ஸைக்கூட கேட்கமாட்டாங்க. சாவியைக் கையில கொடுத்துட்டு அழகா சிரிப்பாங்க.

“இங்கேயும் லெஃப்ட் சைடுதான் மச்சி! ஈ.சி.ஆர்ல ஓட்டாததையா இங்கே ஓட்டப் போறோம்?”னு உங்க குரூப்ல ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். வினையே அங்கேதான் ஆரம்பம்!

சியாங் மாயிலிருந்து ‘பாய்’ங்கிற மலையூருக்குப் போற ரோடு நம்பர் 1095. மொத்தம் 762 வளைவுகள். அந்த எண்ணை டி-ஷர்ட்ல அடிச்சே விக்கிறாங்க. ஆனா, சாயங்காலம் பாய் கடைத்தெருவுல நடந்து பாருங்க. முட்டியில கட்டு, முழங்கையில பஞ்சுனு டூரிஸ்ட்டுங்க நொண்டிக்கிட்டுப் போவாங்க. சைலன்சர் சுட்ட தழும்புக்கும் ரோட்டுல சிராய்ச்ச காயத்துக்கும் ‘தாய் டாட்டூ’னு செல்லப் பேரே உண்டு!

சிரிப்பு போதும். 2018-ல வந்த உலக சுகாதார நிறுவன அறிக்கைப்படி, தாய்லாந்துல ஒரு லட்சம் பேருக்கு 32.7 பேர் ரோடு விபத்துல இறந்தாங்க. அதுல 74 சதவிகிதம் டூவீலர், த்ரீவீலர்ல போனவங்க. அதே அறிக்கையில நம்ம நாட்டுக் கணக்கு 22.6. நம்ம ரோட்டையே சமாளிச்சவனுக்கு இது ஜுஜுபினு நினைக்கிறவங்க, இந்த ரெண்டு நம்பரையும் இன்னொரு தடவை படிச்சுக்கோங்க.

இப்போ நிஜமான சீன். ஒரு வளைவுல ஜல்லி. வண்டி சறுக்குது. கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. பிரைவேட் ஆஸ்பத்திரியில, “பணம் கட்டுறீங்களா, இல்லை இன்ஷூரன்ஸ் கம்பெனி லெட்டர் தருமா?”னு கேட்கறாங்க. ‘அதான் டிக்கெட் போடும்போதே டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தோமே!’னு தெம்பா போன் போடறீங்க. எதிர்முனையில இருந்து கேள்விகள் வருது. பைக் லைசென்ஸ் இருக்கா? இன்டர்நேஷனல் பெர்மிட் இருக்கா? ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? குடிச்சிருந்தீங்களா?

ஒரு கேள்விக்குத் தப்பான பதில் வந்தாலும், மொத்த பில்லும் உங்க தலையில விழலாம். சட்டப்படி ஓட்டத் தகுதி இல்லாம ஓட்டினா பணம் கிடையாதுங்கிறது, பெரும்பாலான பாலிசிகள்ல பொடி எழுத்துல இருக்கிற விஷயம். பிரீமியம் கட்டியும் பிரயோஜனம் இல்லை!

சரி, என்ன செய்யணும்?

முதல்ல ஐ.டி.பி. அதான் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். உங்க லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருக்கோ, அங்கே படிவம் 4ஏ-வில் விண்ணப்பிக்கணும். கட்டணம் 1,000 ரூபாய். ஒரு வருஷம் செல்லும். கைக்கு வந்ததும் அப்படியே பையில போட்டுடாதீங்க. உள்ளே ‘ஏ’ பிரிவுல முத்திரை இருக்கானு பாருங்க. ‘ஏ’ன்னா பைக், ‘பி’ன்னா கார். உங்ககிட்ட கார் லைசென்ஸ் மட்டும் இருந்தா, ஐ.டி.பி. கையில இருந்தும் பைக்குக்கு அது வெறும் பேப்பர்தான். எல்.எல்.ஆர். வெச்சிருக்கிற தம்பி, தங்கச்சிங்க இந்த ஆட்டத்துக்கே வரவேண்டாம்!

இன்னொரு விஷயம். இந்தியா கொடுக்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான பெர்மிட். தாய்லாந்துல செல்லும். ஆனா, வியட்நாம் ஏத்துக்கிறது 1968 வியன்னா ஒப்பந்தப் பெர்மிட்டை. அதனால யூடியூப்ல ஹா ஜியாங் மலைப்பாதையைப் பார்த்து ஜொள்ளு விடறவங்க, அந்த ஊர்க்காரர் ஓட்ட பின்னாடி உட்கார்ந்து போற ‘ஈஸி ரைடர்’ வண்டியைப் பிடிக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து, பாலிசியை வாங்குறதுக்கு முன்னாடி ‘மோட்டார் சைக்கிள்’ங்கிற வார்த்தையைத் தேடிப் படிங்க. சில பாலிசிகள்ல இத்தனை சிசி வரைக்கும்தான்னு வரம்பு இருக்கும். சிலதுல பைக்கே ‘சாகச விளையாட்டு’ கணக்குல வரும், தனியா காசு கட்டணும். அடுத்தவங்களை நீங்க இடிச்சுட்டா அந்த நஷ்டஈட்டை டிராவல் பாலிசி பொதுவா ஏத்துக்காது. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் தனி பாலிசி, தனி ஹெல்மெட் வேணும்.

“எங்க வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு”னு கடைக்காரர் சொன்னா, அது பெரும்பாலும் வண்டியைக் காப்பாத்தும். உங்க காலை இல்லை! தாய்லாந்துல எல்லா வண்டிக்கும் கட்டாய இன்ஷூரன்ஸ் உண்டுதான். யார் தப்புனு பார்க்காம வைத்தியத்துக்கு முதல்கட்டமா அது தர்றது 30,000 பாட் வரைக்கும். நம்ம பணத்துல சுமார் 80,000 ரூபாய். ஆபரேஷன்னு வந்துட்டா அது எந்த மூலைக்கு? அதேபோல, போலீஸ்ல ஃபைன் கட்டின ரசீதைக் காட்டி, ‘இனிமே ஓட்டலாம்’னு நினைக்காதீங்க. ரசீது லைசென்ஸ் ஆகாது.

கடையில பாஸ்போர்ட்டை அடமானமா கேட்டா கொடுக்காதீங்க. வேற கடைக்குப் போங்க. வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்துட்டுக் கிளம்புங்க. பாலிசியோட எமர்ஜென்சி நம்பர் உங்க போன்ல மட்டும் இல்லாம, கூட வர்ற எல்லார் போன்லயும் இருக்கட்டும். விழுந்தவன் போன்தான் முதல்ல உடையும்!

இதெல்லாம் எதுக்கு? ராத்திரி பதினோரு மணிக்கு வெளிநாட்டு நம்பர்ல இருந்து போன் வந்தா, உங்கம்மா எடுக்கிறதுக்கு முன்னாடியே கை நடுங்கும். “லேசா அடி, இன்ஷூரன்ஸ் பார்த்துக்குது”னு சொல்றதுக்கும், “அப்பாகிட்ட கொடும்மா... பணம் வேணும்”னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு ‘ஏ’ முத்திரை.

அது இல்லையா? வெட்கப்படாம மினிவேன்ல ஏறுங்க. ஜன்னலோர சீட்டுல உட்கார்ந்து போனாலும் 762 வளைவும் 762தான் பாஸ்!