கடைமடை விருந்தாளிகள்

அமெரிக்கா போய் வந்தவன் நயாகராவைப் பற்றி எழுத வேண்டும் என்பது பத்திரிகை தர்மம். நான் பார்த்தது ஒரு சதுப்பு நிலம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பையன் கான்ஸாஸ் மாநிலத்தில் விசிட்டாவில் இருக்கிறான். "மாமா, ஞாயித்துக்கிழமை க்விவிரா போலாம்" என்றான். பேரைப் பார்த்தால் ஷாப்பிங் மால் மாதிரி இருக்கவே கிளம்பிவிட்டேன். ஒன்றரை மணி நேர டிரைவ். இரண்டு பக்கமும் புல், மேலே வானம், நடுவில் வளைவே இல்லாத ரோடு. "இந்த ஊர்ல காருக்கு ஸ்டியரிங் எதுக்குடா?" என்று கேட்டேன்.

போய் இறங்கினால் தண்ணீர், நாணல், நவம்பர் காற்று. காது மடலைக் கழற்றிக்கொண்டு போகிறது.

"இதுக்கா வந்தோம்?"

"இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்க இல்ல மாமா."

நிஜம்தான். 1541-ல் கொரோனாடோ என்ற ஸ்பானிஷ் தளபதி படையோடு வந்தான். க்விவிரா தேசத்து ராஜா மரத்தடியில் மத்தியானத் தூக்கம் போடுவார், மரம் பூரா குட்டித் தங்க மணிகள் தொங்கும் என்று யாரோ ஒரு வழிகாட்டி அளந்ததை அப்படியே நம்பிவிட்டான். வந்து பார்த்தால் புல் வேய்ந்த குடிசைகளில் விசிட்டா பழங்குடிகள். தங்கம் குன்றிமணி அளவுகூட இல்லை. வழிகாட்டியைக் கொன்றுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். என் வழிகாட்டி அக்கா பையன் என்பதால் பிழைத்தான்.

1955-ல் ஆரம்பித்த இந்தச் சரணாலயத்துக்கு இப்போது அந்தப் பெயர்தான். சுமார் 22,000 ஏக்கர். டிக்கெட் கிடையாது. சுண்டலும் கிடையாது.

பொழுது சாய்ந்ததும் வானத்தில் ஒரே இரைச்சல். கிரேன்கள்! ஹார்பரில் சரக்கு தூக்குகிற சமாசாரம் இல்லை. பார்வைக்கு நம் கொக்குக்குப் பெரியப்பா மாதிரி. சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. "அங்க பாருங்க மாமா" என்று பையன் பைனாகுலரைத் திணித்தான்.

மூன்று வெள்ளைப் பறவைகள். ஹூப்பிங் கிரேன். அஞ்சடி உயரம், எங்கள் மேனேஜரைவிட ஓரங்குலம்தான் கம்மி. தலையில் சிவப்பு, இறக்கை நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு. கூட வந்த குழந்தை மட்டும் இன்னும் பழுப்புச் சட்டையில். கனடாவில் குஞ்சு பொரித்து, டெக்ஸாஸ் கடற்கரைக்குச் சுமார் 4,000 கிலோமீட்டர் போகிற வழியில் இங்கே ஹால்ட். சுட்டுத் தின்றும் சதுப்புகளை வடித்தும் 1941-ல் உலகத்திலேயே இருபது சொச்சம்தான் பாக்கி வைத்தார்கள். இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் மட்டும் 500-க்கு மேல். இங்கே சீஸனில் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் இவர்கள் இறங்கியது தெரிந்தால் வேட்டைப் பகுதிகளை மூடிவிடுகிறார்கள்.

மூன்றும் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கத் தயாராயின. நரி, ஓநாய் மாதிரி ஏதாவது வந்தால் 'சளக்' என்று சத்தம் கேட்குமாம். ஆக, கால் நனைகிற தண்ணீர்தான் கட்டில், கதவு, தாழ்ப்பாள் எல்லாம்.

அந்தத் தண்ணீரில்தான் வில்லங்கம். அது வருவது ராட்டில்ஸ்னேக் என்ற ஓடையிலிருந்து. கான்ஸாஸ் சட்டப்படி தண்ணீருக்கு க்யூ உண்டு. முன்னால் வந்தவருக்கு முன்னால். சரணாலயம் 1957-லேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டது. அப்புறம் வந்தவைதான் மேலே இருக்கிற ஏகப்பட்ட போர்வெல்கள். போர்வெல் ஓடையை நேராகத் தொடுவதில்லை. பூமிக்குள்ளிருந்து ஓடைக்குக் கசிகிற ஊற்றை உறிஞ்சிவிடுகிறது. ஓடை இளைத்துவிட்டது. 2016-ல் மாநிலத்தின் தலைமை நீர் இன்ஜினீயரே, சரணாலயத்தின் பங்கு குறைந்தது வாஸ்தவம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் பஞ்சாயத்து. துண்டு போட்டவர் கம்பியைப் பிடித்து நிற்கிறார். சீட்டில் வேறு ஆள்.

பக்கத்தில் டிரக்கில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, ஓடைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறாராம். வருஷா வருஷம் இந்தப் பறவைகளைப் பார்க்க வந்துவிடுவாராம். "பம்பை நிறுத்தலாம் சார். பேங்க்காரன் கடனை நிறுத்துவானா?" என்று கேட்டார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் நாகப்பட்டினம் பக்கம் கடைமடை விவசாயி. மேட்டூர் திறந்த செய்தியை ரேடியோவில் கேட்டதும் போய் வாய்க்கால் கரையில் உட்காருவார். தண்ணீர் சாவகாசமாக வரும். சில வருஷம் வராது. கடைசியில் நிலத்தை விற்றுவிட்டு என்னோடு மாம்பலத்துக்கு வந்துவிட்டார். "மேல இருக்கறவன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான்" என்று நான் கத்தியபோது, "அவனும் பயிர்தாண்டா வெச்சிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் நமக்கும் பாத்தியதை உண்டு" என்றார்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். பேசாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த மூன்று கிரேனுக்கு ரேடியோ கிடையாது. மனுப் போடவும் தெரியாது. தண்ணீர் இருக்கும் என்று நம்பிக் கனடாவிலிருந்து வருகிறது.

"என்ன மாமா, சும்மா நிக்கறீங்க? ஏமாந்துட்டீங்களா?"

"இல்லடா. ராஜா தூங்கற இடம்னு அந்த வழிகாட்டி சொன்னானே... பாவம், அவனைக் கொன்னிருக்க வேண்டாம்."

தங்க மணி இல்லைதான். தண்ணீர் இருந்தது, இந்த வருஷத்துக்கு.