பதினோராவது ஆள்



ஆசிரியர் தின வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. நேற்றுக் காலையிலிருந்து போன் ஓயவில்லை. தனித்தனியாகப் பதில் போட விரல் ஒத்துழைக்க மறுக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வருஷம் நன்றியோடு இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என் பாடத்தையே பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

விஷயம் கிரிக்கெட்டில் ஆரம்பிக்கிறது.

ஜூலை 14ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தோற்றது. இலக்கு 193. ஒரு பக்கம் ஜடேஜா 61 ரன்னோடு கடைசிவரை நின்றார். மறுபக்கம் பதினோராவது ஆளாக வந்த சிராஜ் 30 பந்துகளைத் தாக்குப்பிடித்தார். பஷீர் போட்ட பந்தை அவர் மட்டையால் ஒழுங்காகத்தான் தடுத்தார். அந்தப் பந்து தரையில் பட்டு, பின்னால் உருண்டு, ஸ்டம்பைத் தொட்டு ஒரு பெயிலைத் தள்ளிவிட்டது. 22 ரன்னில் தோல்வி. எதிரணிக்காரர்களே வந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அன்று ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் கிளம்பியது, ஞாபகம் இருக்கிறதா? "இந்தியாவுக்கு ஆடினவங்கள்லயே ரொம்ப மட்டமான ஆட்டக்காரர் யாரு சார்?" என்று ஒருவர் கேட்டார். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னீர்கள். கேலிப் படங்கள் வந்து குவிந்தன. நான் சும்மா இருந்தேனா? இல்லை. ஐந்து பெயர்களை எழுதி, ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணும் போட்டு அனுப்பினேன். முதல் பெயர் சிராஜ். "சார் மார்க் ஷீட் போட்டுட்டாரு" என்று சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷம் கழித்து, குழுவில் இல்லாமல் எனக்கு மட்டும் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. 1994இல் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர். பெயர் வேண்டாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், நல்லா இருக்கீங்களா? உங்க லிஸ்ட்டைப் பார்த்தேன். எனக்கு அரைப்பரீட்சை பேப்பர் கொடுத்த நாள் ஞாபகம் வந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க சார்." குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது.

அந்த நாள் எனக்கும் மறக்கவில்லை. விடைத்தாள்களை மதிப்பெண் வரிசைப்படி அடுக்கி, முதல் மார்க்கிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பது என் வழக்கம். கடைசியில் ஒரே ஒரு தாள் மிஞ்சும். அது யாருடையது என்று வகுப்புக்கே தெரியும். அன்று அந்தக் கடைசித் தாளை நான் கையில் கொடுக்கவில்லை. மேஜையிலிருந்து கீழே தட்டிவிட்டு, "பொறுக்கிக்கோ" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் போய் விசாரிக்கவில்லை.

இப்போது கிரிக்கெட்டுக்கே திரும்புகிறேன். அதில் வைத்துப் பேசினால் எனக்குச் சொல்ல எளிதாக இருக்கிறது.

முதலில் கணக்கைப் பாருங்கள். 1932இலிருந்து இன்றுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய ஆண்கள் முந்நூறு பேருக்குச் சற்று மேல்தான். தொண்ணூறு வருஷத்துக்கு மேல், இத்தனை கோடி ஜனத்தில், முந்நூற்றுச் சொச்சம் பேர். அந்த வரிசையில் கடைசியில் நிற்பவர்கூட நம் ஊர் மைதானத்துக்கு வந்தால், நம்மில் ஒருவரும் அவர் வேகப்பந்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டோம். அவரைத்தான் "மட்டம்" என்கிறோம்.

இரண்டாவது, எந்த வேலைக்கு வந்தவரை எந்த வேலையில் அளக்கிறோம்? மைசூரில் பிறந்த பி.எஸ்.சந்திரசேகரை என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 58 டெஸ்ட்களில் அவர் அடித்த மொத்த ரன் 167. எடுத்த விக்கெட் 242. ரன்னைவிட விக்கெட் அதிகம்! 23 முறை முட்டை. 1977-78 ஆஸ்திரேலியப் பயணத்தில் அவர் வாங்கிய முட்டைகளைக் கிண்டல் செய்து, நடுவில் ஓட்டை போட்ட மட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதே பயணத்தில்தான் மெல்போர்னில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியை வாங்கிக் கொடுத்தார். 1971இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101க்குச் சுருட்டியதும் அவர்தான். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்துபோன வலது கை அது. அந்தக் கையால்தான் பந்து வீசினார். மட்டையை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் அவர் பெயர்தான் முதலில் வரும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கடைசி ஆள் ஏன் அந்த இடத்தில் நிற்கிறான்? முன்னால் போன பத்துப் பேரில் ஒன்பது பேர் அவுட்டானதால்தான். லார்ட்ஸில் கடைசி நாள் மதிய உணவு நேரத்திலேயே 112க்கு 8 விக்கெட் போய்விட்டது. அதற்கு முன் அவுட்டான பெரிய மட்டையாளர்களை ஒருவரும் கேலிப் படம் போடவில்லை.

சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 ஞாபகம் இருக்கிறதா? பாகிஸ்தானோடு ஆட்டம். இலக்கு 271. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தார். அவர் அவுட்டானபோது 17 ரன் பாக்கி. மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னுக்குள் விழுந்து, 12 ரன்னில் தோற்றோம். "வால் அறுந்துபோச்சு" என்று நானும் ஒரு வாரம் பேசினேன். ஆனால் அன்று 82 ரன்னுக்கு 5 விக்கெட் போயிருந்ததை யார் பேசினோம்?

அதற்கும் முன்னால், 1986 செப்டம்பர் 22. அதே சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு. அப்போது நான் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். பள்ளி விட்டதும் பஸ் நிலையத்தருகே டீக்கடையில், டிரான்சிஸ்டரைச் சுற்றி இருபது பேர் நின்றோம். தமிழ் வர்ணனை. கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், ஒரு விக்கெட் கையில். சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், பிறகு ஒரு ரன் எடுத்து சமன் செய்தார். இன்னும் மூன்று பந்து. எதிரில் மணிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. டை! டீக்கடையில் மணிந்தருக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. இருபது வயது தாண்டிய பையன். டெஸ்டில் 88 விக்கெட் எடுத்தவர். அந்த ஒரு ரன்னை சாஸ்திரி எடுத்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை பேசுகிறார்கள். ஆனால் "அவுட்டானது யார்?" என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் மணிந்தர்தான்.

ஏழாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை எத்தனை பேர் அவனைக் கவனிக்காமல் மேலே அனுப்பினோம்? அதிலும் நம் ஊர் எல்லை ஊர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். எத்தனை விக்கெட் விழுந்தபின் அவன் என் முன்னால் வந்து நின்றானோ! நான் அந்தக் கடைசிப் பந்துக்கு மட்டும் அவனைத் திட்டினேன்.

என் மருமகன் கனடாவில் இருக்கிறார். இதைப் போனில் சொன்னபோது அவர் அங்குள்ள ஒரு கதையைச் சொன்னார். ஐஸ் ஹாக்கியில் ஜான் ஸ்காட் என்று ஒருவர். ஆறடி எட்டு அங்குலம். 2008இலிருந்து ஆடியும் மொத்தமே 5 கோல். எதிரணிக்காரன் நம் ஆளை இடித்தால் கையுறையைக் கழற்றிவிட்டுச் சண்டைக்குப் போவதுதான் அவர் வேலை. அங்கே அணியில் அப்படி ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 2016இல், மிகச் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வேண்டுமென்றே இவருக்கு ஓட்டுப் போட்டு முதலிடத்தில் கொண்டுவந்தார்கள். வேடிக்கைக்கு! விலகிக்கொள்ளும்படி அவரை வற்புறுத்தினார்கள். நடுவில் அணியை மாற்றி, சிறிய லீக்குக்கும் அனுப்பிவிட்டார்கள். இதைப் பார்த்தால் உன் பிள்ளைகள் பெருமைப்படுவார்களா என்ற தொனியில் ஒருவர் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விதான், போயே தீருவது என்று அவரை முடிவெடுக்க வைத்தது. போனார். இரண்டு கோல் அடித்தார். அவர் அணி வென்றது. சக ஆட்டக்காரர்கள் தோளில் தூக்கினார்கள். சிறந்த வீரர் பரிசும் அவருக்கே. மனிதர் இயந்திரவியல் பொறியியல் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இங்கேதான் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் சிராஜின் கதையும் அப்படியே முடிந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி ஓவலில் புரூக் 19 ரன்னில் இருந்தபோது சிராஜ் கேட்சைப் பிடித்துவிட்டு எல்லைக்கோட்டை மிதித்தார். புரூக் 111 அடித்தார். குழுவில் மறுபடி கேலி ஆரம்பித்தது. மறுநாள் கடைசி விக்கெட்டை எடுத்து, 6 ரன்னில் இந்தியாவை ஜெயிக்க வைத்தவர் அதே சிராஜ்தான். தொடரில் 23 விக்கெட். உடனே குழுவில் பூமாலையும் தீபமும்! நானும் கைதட்டும் பொம்மை போட்டேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசிப் பந்து ஸ்டம்பில் படாமல் போயிருந்தால் நாம் லார்ட்ஸ் ராத்திரி செய்தது சரியாகிவிடுமா? ஸ்காட் ஒரு கோலும் அடிக்காமல் திரும்பியிருந்தால் அவரைக் கேலிக்கு நிறுத்தியது சரியாகிவிடுமா? எனக்குக் குரல் பதிவு அனுப்பியவர் இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார். "அப்புறம் என்ன சார், நல்லாத்தானே இருக்காரு" என்று என்னைத் தேற்ற நினைக்காதீர்கள். அவர் இன்றும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் அன்று நான் செய்தது அதே தப்புதான். பின்னால் ஜெயித்தவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது, மன்னிப்பே இல்லை.

அப்படியானால் ஒருவரையும் குறை சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். சிராஜ் எல்லைக்கோட்டை மிதித்தது தவறு. அதைச் சொல்வது விமர்சனம். "ஏன் இவரை எடுத்தீர்கள்?" என்று தேர்வுக் குழுவைக் கேட்பதும் நியாயம். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் அதைத் தாங்கத்தான் வேண்டும். ஆசிரியருக்கும் எந்தப் பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எப்படித் தூக்கிவிடுவது? பட்டியல் என் மேஜைக்குள் இருந்திருக்கலாம். அதை வகுப்பின் சிரிப்புக்குப் போட்டேனே, அதுதான் பாவம். விமர்சனம் ஆட்டத்தைப் பற்றிப் பேசும். "மட்டமானவர் யார்?" என்ற கேள்வி ஆளைப் பற்றிப் பேசுகிறது.

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அஸ்வின் சதம் அடித்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். எதிர்ப் பக்கம் கடைசி ஆள் சிராஜ். கடைசி விக்கெட்டுக்கு 49 ரன் சேர்த்தார்கள். சதம் வந்ததும் அஸ்வினைவிட அதிகமாகக் குதித்தது சிராஜ். அவர் நிற்காமல் போயிருந்தால் நம் ஊர்க்காரருக்கு அந்தச் சதம் ஏது? என் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கரும்பலகையைத் துடைத்தது, தண்ணீர்க் குடம் தூக்கியது, கிருத்திகைக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்து மலைப்படி ஏற்றியது எல்லாம் யார்? அந்தக் கடைசிப் பெஞ்சுதான். அதற்கு நான் மார்க் போட்டதே இல்லை.

உங்களில் ஏழெட்டுப் பேர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே வேண்டுகோள்: விடைத்தாளை வரிசைப்படி கொடுக்காதீர்கள். வருகைப் பதிவேட்டு வரிசையில் கொடுங்கள். ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்று நாம் பெருமைப்படுகிறோம். அவர் பிறந்த நாளில் மாலையும் வாழ்த்தும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் கடைசித் தாளை வாங்கிய ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். குரல் பதிவு அனுப்பியவரைப் போன வாரம் பட்டறையில் போய்ப் பார்த்தேன். கை கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். "விடுங்க சார்" என்றார். விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்க வேண்டியது என் கடமை, விடுவது அவர் விருப்பம்.

மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள். வீடு அதே தெருவில்தான். மாலை நாலு மணிக்குமேல் திண்ணையில்தான் இருப்பேன். திட்ட வேண்டுமென்றாலும் வந்து திட்டிவிட்டுப் போங்கள்.

குழுவில் நான் போட்ட அந்த ஐந்து பேர் பட்டியலை அழித்துவிட்டேன். யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள்.

தணிகை முருகன் அருளால் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்