பெடல் வாங்கினால் வராது

மை ப்ளடி வாலன்டைன் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பத்தில் வரும் கிட்டார் டோனை எப்படிக் கொண்டுவருவது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒரு மளிகை லிஸ்ட் வரும். ஜாஸ்மாஸ்டர் கிட்டார், இன்ன ஃபஸ் பெடல், இன்ன ரிவெர்ப், நாப் இத்தனையில். அதைப் படித்ததும் காசில்லாதவர் 'நமக்கெல்லாம் எங்கே' என்று கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார். காசுள்ளவர் அடுத்த பெடலுக்கு ஆர்டர் போடுகிறார். ரெண்டு பேருமே வாசிப்பதில்லை. என் கோபம் அந்த லிஸ்ட் மேல்தான்.

1991இல் வந்த அந்த ஆல்பத்தைக் கேட்டால் ஐம்பது பெடலை வரிசையாக மாட்டியதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த மிதப்பின் பெரும்பகுதி கெவின் ஷீல்ட்ஸின் வலது கையில் இருக்கிறது. ட்ரெமலோ ஆர்மைக் கைக்குள் பிடித்துக்கொண்டே ஸ்ட்ரம் செய்கிறார். கை அசைய அசைய ஆர்மும் அசைகிறது. கம்பிகளின் இழுவிசை கூடிக் குறைகிறது. மொத்தக் கார்டும் சுருதியை விட்டு லேசாக வழுக்கி, திரும்ப வந்து சேர்கிறது. கூடவே யமஹா எஸ்பிஎக்ஸ்90 யூனிட்டின் ரிவர்ஸ் ரிவெர்ப். நேரடி ஒலியை வெட்டிவிட்டு எஃபெக்டை மட்டும் எடுக்கிறார். கிட்டாரின் டோன் நாபையும் குறைக்கிறார். பிக் கம்பியில் படும் 'டக்' கரைந்துபோகிறது. அவ்வளவுதான் சூத்திரம்.

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். அடுத்தவர் சர்வரின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே ஒட்டிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று முழிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். நாப் எண்ணும் அப்படித்தான். ஒரு ஆம்ப், ஒரு அறை, ஒரு வால்யூமுக்குப் பொருந்திய எண் அது. உங்கள் படுக்கையறையில் அதே எண் வேறு விடை தரும்.

'சரியான கியர்' என்கிறார்களே, அதன் கதையைக் கேளுங்கள். ஜாஸ்மாஸ்டரை ஃபெண்டர் 1958இல் ஜாஸ்காரர்களுக்காக இறக்கியது. அவர்கள் சீண்டவில்லை. சர்ஃப் பேண்டுகள் எடுத்துக்கொண்டன. 1980 வாக்கில் தயாரிப்பே நின்றது. மவுசு போய், பழைய கடைகளில் மலிவாகக் கிடந்ததால்தான் சோனிக் யூத் போன்றவர்கள் கைக்கு வந்தது. ஷீல்ட்ஸ் 1988இல் இந்த உத்தியைக் கண்டுபிடித்ததே இரவல் ஜாஸ்மாஸ்டரில்தான். மலிவாகவும் இரவலாகவும் வந்த பொருளுக்கு இன்று நாம் பட்டம் கட்டி விலை ஏற்றியிருக்கிறோம்.

அப்போ கருவிக்கு வேலையே இல்லையா? இருக்கு. ஆர்ம் இல்லாத கிட்டாரில் இந்த வித்தை நடக்காது. 'டோன் எல்லாம் விரலில்' என்று தத்துவம் பேசுவதும் சோம்பேறித்தனம்தான். எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். மலிவான ஸ்ட்ராட் வகைக் கிட்டாரின் ஸ்ப்ரிங்கைச் சற்றுத் தளர்த்தி பிரிட்ஜை மிதக்கவிட்டால், அதுவும் இரண்டு பக்கமும் வழுக்கும். ரிவர்ஸ் ரிவெர்ப் உள்ள ப்ளக்இன் ஏதாவது ஒன்று போதும்.

ஆர்மைப் பிடித்தபடி ரெண்டே ரெண்டு கார்டை ரெண்டு வாரம் வாசியுங்கள். அதற்கப்புறமும் ஏதோ குறைகிறது என்றால், என்ன குறைகிறது என்று உங்கள் காதே சொல்லும். அப்போது கடைக்குப் போங்கள்.