ராம் போடுங்க சார்!

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். "ராம் போடுங்க சார்" என்று பட்டென்று பதில் வரும். சளி என்றால் மிளகு ரசம் சொல்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், எதிர் சீட்காரர் சொல்வார், ஆட்டோ டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொல்வார். ஒருத்தராவது நாடி பிடித்துப் பார்க்க வேண்டுமே!

என் மைத்துனன் கும்பகோணத்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் எடுப்பான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோர் மேலும் ஒரு புகார் உண்டு. "பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாச்சு, கல்யாண வீடியோ இன்னும் கைக்கு வரலை." அவன் மேலும் உண்டு.

2025 நவம்பரில் போன் பண்ணினான்.

"மாமா, ஒண்ணே முக்கால் லட்சம் வேணும்."

"எதுக்குடா மாப்ளே?"

"சிஸ்டம் மாத்தணும். எடிட்டிங்ல வீடியோ திக்கித் திக்கி ஓடுது. கடைல கொட்டேஷன் வாங்கிட்டேன். நீங்க தரலேன்னா வளையலை வெச்சிடுவேன்."

வளையல் அவனுடையதில்லை. அவன் மனைவியுடையது. இதில் என் மனைவி நடுவில் வந்து, "தம்பிக்கு ஏதாவது பண்ணுங்க" என்று ஒரு பார்வை பார்த்தாள். கடன் கேட்கிறவனிடம் கணக்குக் கேட்பது பி.காம். படித்தவனின் பிறப்புரிமை. சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஐப்பசியில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறான். கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் மாப்பிள்ளையின் பாட்டி தவறிவிட்டார். நலங்கில் அந்தப் பாட்டி உட்கார்ந்து பாடியிருக்கிறார். வேறு யாரிடமும் அந்தக் குரல் இல்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும்போது போட்டுப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். நான் போய் இறங்கியபோது மிச்சம் ஒன்பது நாள்.

மெஷின் 2019-ல் வாங்கியது. இன்டெல் ஐ ஃபைவ், ஒன்பதாம் தலைமுறை, ஆறு கோர். 16 ஜி.பி. ராம். ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு. வீடியோ எல்லாம் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில். ஏழை மெஷின்தான், ஆனால் நோயாளி என்று சொல்ல முடியாது.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமுக்கினால் டாஸ்க் மானேஜர் என்று ஒன்று வரும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் பிராசஸர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனி கிராஃப் ஓடும். ஈ.சி.ஜி. மாதிரி. காசு கிடையாது. கொட்டேஷன் போடுகிற ஆசாமி இதை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் எனக்கு பஸ் சார்ஜ் மிச்சம்.

"பழைய கேமரால எடுத்ததை ஓட விடு" என்றேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. பிராசஸர் கால்வாசிதான் வேலை செய்தது. கிராபிக்ஸ் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்கிற கோடு சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது.

"இப்ப புதுக் கேமரா."

பிராசஸர் நூறு சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. டீகோட் கோடு செத்துக் கிடந்தது. மணமகள் தாலிக்குக் குனிந்தவள் நிமிரவே இல்லை. ராமில் பதினாறுக்குப் பதினொன்றுதான் செலவாகியிருந்தது. மிச்சம் ஐந்து ஜி.பி. சும்மா உட்கார்ந்திருந்தது. ஆக, மிளகு ரசம் வேண்டியதில்லை.

இது ஏன் என்று புரிய கொஞ்சம் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும். நம் சப்ஜெக்ட்!

மளிகைக்கடை பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி ஆரம்ப இருப்பு எழுதியாகிவிட்டது. அப்புறம் தினமும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது மட்டும்தான். 17-ம் தேதி கையிருப்பு என்ன என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். கேமராவும் இப்படித்தான் எழுதுகிறது. சுமார் அரை செகண்டு, ஒரு செகண்டுக்கு ஒரு தடவைதான் முழுப்படம். நடுவில் எல்லாம் 'முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது' என்கிற குறிப்பு. இடம் மிச்சமாகிறது. ஆனால் எடிட்டர் நேராக மூகூர்த்தத்தின் நடுவில் போய்க் கையை வைத்தால், பாவம், பிராசஸர் ஒன்றாம் தேதிக்கு ஓடிப்போய்க் கூட்ட ஆரம்பிக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் கஷ்டம். 2003-ல் வந்த எச்.264-ஐ விட 2013-ல் வந்த எச்.265-ல் இந்தக் குறிப்புகள் இன்னும் சிக்கனம், கூட்டல் இன்னும் சிக்கல்.

இதோடு படத்தின் சைஸ் வேறு. மினி டி.வி. கேசட் காலத்தில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். இப்போது 4கே-யில் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு! அப்போது அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு மணப்பெண்ணின் முகத்தைத் தாமரைப் பூவுக்குள் வைத்துச் சுற்ற விட்டார்கள். என் மைத்துனன் இப்போதும் விடுகிறான். இருபது மடங்கு தெளிவான தாமரை.

இந்தக் கூட்டல் கழித்தலைப் பிராசஸரே செய்யாமல், அதற்கென்றே தனியாக ஒரு கணக்குப்பிள்ளையைச் சிப்புக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். அதுதான் டீகோடர். அந்தக் கணக்குப்பிள்ளைக்குச் சில எழுத்துதான் படிக்கத் தெரியும். புதுக் கேமராவில் மைத்துனன் வைத்திருந்தது எச்.265, 10 பிட், 4:2:2. வழக்கமான 4:2:0-வில் நாலு புள்ளிக்கு ஒரு வர்ணக் குறிப்பு. 4:2:2-வில் இரண்டு புள்ளிக்கு ஒன்று. பட்டுப்புடவை நிறத்தைப் பின்னால் சரிசெய்ய இது சௌகரியம், மறுக்கவில்லை. ஆனால் ஜி.டி.எக்ஸ். 1650-ன் கணக்குப்பிள்ளைக்கு அந்த எழுத்து தெரியாது. கையை விரித்துவிட்டார். பாரம் முழுக்கப் பிராசஸர் தலையில்.

இப்போது அந்தக் கொட்டேஷனை எடுத்தேன். புது ஐ செவன் பிராசஸர், பதினான்காம் தலைமுறை. ஆர்.டி.எக்ஸ். 40 வரிசையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. போர்டு, ராம், சப்ளை, கலர் கலராக லைட் எரிகிற ஃபேன் ஆறு. (ஃபேனில் லைட் எரிந்தால் வீடியோ வேகமாக ஓடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.)

பிராசஸர் பெயரின் வாலில் ஒரு சின்ன 'எஃப்' இருந்தது.

இன்டெல் பிராசஸரில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கொஞ்சம் விலை குறைவு. கேம் ஆடுகிறவர்களுக்குப் பாதகமில்லை. ஆனால் 4:2:2 படிக்கத் தெரிந்த கணக்குப்பிள்ளை இருப்பதே அந்த உள் கிராபிக்ஸில்தான். டெஸ்க்டாப்பில் பதினோராம் தலைமுறையிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார். எஃப் போட்டால் ஆளைக் காணோம். சரி, கார்டில் இருப்பாரா என்றால், என்விடியா 40 வரிசை வரைக்கும் 4:2:2 தெரியாது. 2025-ல் வந்த 50 வரிசையில்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

அதாவது வளையலை அடகு வைத்து, ஒண்ணே முக்கால் லட்சம் கொடுத்தும், எந்தக் கணக்குப்பிள்ளைக்காகக் காத்திருந்தோமோ அவர் மட்டும் பெட்டியில் இருக்க மாட்டார்! பிராசஸர் பெரிசு என்பதால் முரட்டுத்தனமாக ஓரளவு இழுக்கும், அவ்வளவுதான்.

கடைக்குப் போன் போட்டு விசாரித்தோம். "எஃப் இல்லாம வேணுமா? ரெண்டாயிரம் சொச்சம் கூட ஆகும் சார். எல்லாரும் எஃப்தான் கேக்கறாங்க" என்றது ஒரு பையன் குரல். மரியாதையான பையன். கேட்டதைக் கொடுக்கிறான். கேட்கத் தெரிந்துகொள்வது நம் பாடு.

(எஃப் இல்லாமல் வாங்கினாலும் ஒரு விஷயம். தனிக் கார்டு சொருகினதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தூங்க வைத்துவிடும். பயாஸில் போய் எழுப்ப வேண்டும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்கும் அதைக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.)

அடுத்தது ஹார்ட் டிஸ்க். அவன் கேமரா 100 மெகாபிட்டில் எழுதுகிறது. எட்டால் வகுத்தால் செகண்டுக்கு 12.5 மெகாபைட். ஒரு மணிக்கு 45 ஜி.பி. மூன்று கேமராவை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் 37.5. ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு 150 மெகாபைட் சுலபமாகத் தரும். தாராளம் என்று தோன்றும். ஆனால் டிஸ்க்குக்குள் ஒரு ஊசிதான். மூன்று பந்திக்கும் ஒரே ஆள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல அது இங்கேயும் அங்கேயும் ஓடும். ஓட்டத்திலேயே நேரம் போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் ஊசியே இல்லை. சாதாரண சாட்டா வகையே 500-ஐத் தாண்டும், போர்டிலேயே சொருகுகிற என்.வி.எம்.இ. ஆயிரக்கணக்கில் போகும். அவன் போர்டில் அதற்கு ஒரு ஸ்லாட் ஆறு வருஷமாகக் காலியாக இருந்தது.

ராத்திரி டிபன் முடிந்ததும் ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னேன். போன கல்யாணத்துக்கு எத்தனை மணி நேரம், எதற்கு என்று எழுதச் சொன்னேன். மொத்தம் முப்பது மணி. எக்ஸ்போர்ட் ஐந்து. திக்கித் திக்கி ஓடியதில் காத்திருந்தது ஒன்பது. மீதிப் பதினாறு அவன் பார்த்தது, வெட்டியது, பாட்டு தேடியது, பெண் வீட்டுக்காரர் போனில் "எங்க சித்தப்பா வரவே இல்லையே" என்று சண்டை போட்டது.

உலகத்திலேயே வேகமான மெஷினை வாங்கி வைத்தாலும் அந்தப் பதினாறு குறையாது. ஜீன் ஆம்டால் என்கிற கம்ப்யூட்டர் நிபுணர் 1967-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், வேகப்படாத பகுதிதான் மொத்த நேரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் அந்த ஐந்து மணிக்கும் விலை இல்லை. காலையில் எழுந்தால் ரெடி. கண்ணை விழித்துக்கொண்டு காத்திருக்கிறானே, அந்த ஒன்பது மணிதான் நஷ்டம். கடைக்காரர்கள் விற்பது பெரும்பாலும் எக்ஸ்போர்ட் வேகம். மீட்டர் வைத்துக் காட்டச் சௌகரியமாக இருக்கும்.

அன்றைக்கே ப்ராக்ஸி போட்டோம். சினிமாவில் ஒத்திகைக்கு டூப்பை நிற்க வைப்பது மாதிரி, ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு சின்ன நகல். அதிலும் ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதுகிற வகை, அதாவது தினமும் கையிருப்பு எழுதிய பேரேடு. வெட்டுவது ஒட்டுவது எல்லாம் டூப்பை வைத்து. கடைசியில் எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஹீரோ வருவார். எடியஸ், பிரீமியர், டாவின்சி எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பழைய மெஷின் முனகிக்கொண்டே நகல் எடுத்தது. காலையில் காபியோடு போய் உட்கார்ந்தான். நலங்குப் பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நடுவில் வரி மறந்துபோய்ச் சிரிக்கிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, இந்தக் கல்யாணம் இருக்கிறது இந்த ஒரு டிஸ்க்குலதான்" என்றான் மெதுவாக.

எனக்குக் காபி இறங்கவில்லை. வேகத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசியிருக்கிறோம். அந்த டிஸ்க் கண்ணை மூடினால் பாட்டி இரண்டாம் முறை போய்விடுவார்.

கடைசியில் வாங்கியது இரண்டே சாமான். ஒரு டெராபைட் என்.வி.எம்.இ. ஒன்று, கையில் இருக்கிற கல்யாணத்துக்கு. இன்னொரு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க், நகல் எடுத்து வேறு வீட்டில் வைக்க. இரண்டும் அவன் கைக்காசில். கேமராவை 4:2:0-வுக்கு மாற்றினோம். பெண் வீட்டுக்குப் போகிற பென் டிரைவில் எப்படியும் 4:2:0-தான் போகிறது. புது பிராசஸர், எஃப் இல்லாதது, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து அட்வான்ஸ் பணம் சேர்ந்ததும் பார்க்கலாம் என்று தள்ளினோம். 2025 கடைசியில் ராம் விலை வேறு தங்கம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போக, மைக்ரான் கம்பெனி டிசம்பரில் தன் 'க்ரூஷியல்' சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அந்த நேரத்தில் தேவையில்லாமல் ராம் வாங்குவது ஆடித் தள்ளுபடிக்கு முதல் நாள் புடவை வாங்குவது மாதிரி. என் மனைவிக்கு இந்த உதாரணம் உடனே புரிந்தது.

வளையல் கையிலேயே இருக்கிறது.

பதினாலாம் நாள் சாயங்காலம் வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தான். மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெரியவர் போன் பண்ணினாராம்.

"தம்பி, அம்மா பாடறதைப் பார்த்து வீடே அழுதுடுச்சு. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு... அந்தத் தாமரைப் பூவுக்குள்ள அம்மா முகம் சுத்துதே, அதை மட்டும் எடுத்துட முடியுமா?"

"அரை மணி நேரம் குடுங்க ஐயா" என்றானாம்.