நாற்புறமும் சூழும் நாதம்

1973ஆம் ஆண்டில் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவினர் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டுக்கு, லண்டன் அபே ரோடு நிலையத்தில் ஒலிப்பதிவாளராய்ப் பணிபுரிந்த ஆலன் பார்சன்ஸ், கேட்பவரின் நாற்புறமும் நாதம் சூழுமாறு ஒரு நான்கு வழிக் கலவையையும் அக்காலத்திலேயே சமைத்திருந்தார். அவ்விசைத்தட்டில் ஏககாலத்தில் ஆர்ப்பரிக்கும் கடிகாரங்கள்கூட, அத்தகைய ஒலியின் சக்தியை விளக்கும்பொருட்டு ஒரு பழம்பொருட் கடையில் அவர் முன்னரே பதிவு செய்து வைத்திருந்தவைதாம். ஆயினும் 2003இல் அவ்வால்பம் சூப்பர் ஆடியோ சிடியாக வெளிவந்தபோது, ஜேம்ஸ் கத்ரி புதிதாய் அமைத்த 5.1 (ஆறு வழி) கலவையே இடம்பெற்றது. பார்சன்ஸின் சிருஷ்டி 2011ஆம் ஆண்டின் விலையுயர்ந்த பெட்டிப் பதிப்பில்தான் சேர்ந்தது.

புதியது தெளிவானதே, பழையதன் துணிச்சல் அதற்கில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதனினும் விசித்திரம், அந்தச் சிடியைச் சாதாரணக் கருவியில் இட்டால், எவ்வித எச்சரிக்கையுமின்றி இரு வழி ஒலி மட்டுமே கிடைப்பது. பாடல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து தொடரும் இவ்வால்பத்தைக் கோப்புகளாக்கிக் கேட்போருக்கோ, சில கருவிகள் இடையே அநாவசியமான மௌனத்தையும் புகுத்திவிடுகின்றன (ரசபங்கம் என்பது இதுதான் போலும்!).

மறுபதிப்புச் செய்வோர், எக்கலவை, யாருடையது, எக்கருவியில் ஒலிக்கும் என்பனவற்றை உறையின்மேலேயே தெளிவாக அச்சிடுவார்களாக. பூர்வ கலவையையும் சாமானிய விலைப் பதிப்பிலேயே சேர்த்தளிப்பார்களாக.